புதிய ரிவால்வரில் பழுது: வாங்கியவருக்குப் பரிகாரம் என்ன?

கேள்வி: ஐயா, ஈரோடு மாவட்டத்தில் விவசாயம் செய்து வருகிறேன். ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பதால், தற்காப்புக்கென்று முறைப்படி உரிமம் பெற்று, சென்ற தை மாதம் கோயம்புத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் கொடுத்து .32 ரிவால்வர் ஒன்று வாங்கினேன். அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதே உரிமத்தில் இருக்கிறது. ரைபிள் கிளப்பில் அனுமதியோடு சுட்டுப் பார்த்தபோது ஆறு தோட்டாக்களில் இரண்டு வெடிக்கவில்லை. வெடித்தவற்றிலும் ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறித்து என் கையைக் கீறின. உருளையை அசைத்தால் ஆடுகிறது. கடைக்காரரிடம் சொன்னால், "அரசாங்க முத்திரை குத்தி வந்த சாமான், விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை, கம்பெனிக்கு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறார். எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் அரம் போட்டுச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். நான் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?
— வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆயினும் அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு உபகாரம் செய்தவனாக மாட்டேன். ஏனெனில், உங்கள் கையிலிருக்கும் பொருள், விலை கொடுத்து வாங்கிய எந்தச் சரக்கையும் போல நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியதாக இருக்கும் அதே வேளையில், அதை யார் தொடலாம், யார் தூக்கிச் செல்லலாம், யார் செப்பனிடலாம் என்பதையெல்லாம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தனியே வகுத்து வைத்திருக்கிறது. முன்னது உங்களுக்குத் தரும் உரிமையைப் பின்னது அனுமதிக்கும் வழியிலேதான் நீங்கள் செலுத்த முடியும்.

ஆகையால் முதலில் ஆசாரியின் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அவர் கைத்திறனைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் துப்பாக்கியைச் செப்பனிடுவதும் சோதித்துப் பார்ப்பதும், அதைச் செய்து விற்பதைப் போலவே, ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் பெற்றவரே செய்யத்தக்க தொழில்கள். உரிமமில்லாமல் செய்பவருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஏழாண்டுக்குக் குறையாததும் ஆயுள்வரை நீளக்கூடியதுமான சிறைத்தண்டனை காத்திருக்கிறது. ஒரு அரத்தைத் தேய்த்ததற்காக அந்த மனிதரும், கொடுத்ததற்காக நீங்களும் குற்றவியல் நீதிமன்றத்தின் வாசலில் நிற்பது ஒருபுறமிருக்க, இன்னொரு நஷ்டமும் உண்டு. அரம் பட்ட மறுகணமே, பழுது தொழிற்சாலையில் நேர்ந்ததா, சாளையில் நேர்ந்ததா என்ற கேள்வியை எதிர்த்தரப்பு எழுப்பும். அதற்கு விடையளிக்கக்கூடிய ஒரே சாட்சியமாகிய அந்த ரிவால்வர் தன் பழைய நிலையை இழந்திருக்கும். அதனால் அதைத் துடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள்.

அடுத்தது கடைக்காரர் காட்டும் முத்திரை. அவர் அதைப் பெரிதும் நம்பியிருப்பதாகத் தெரிகிறது. உங்களையும் அது ஓரளவு தயங்க வைத்திருக்கிறது என்பது உங்கள் எழுத்திலேயே தென்படுகிறது. துப்பாக்கிக் குழலைப் பரீட்சித்து முத்திரையிடும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளரின் வேண்டுகோளின்பேரில் 1813ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டமியற்றி ஒரு பரீட்சைச் சாலையையே ஏற்படுத்தியது. அங்கே, சாதாரணத் தோட்டாவைக் காட்டிலும் அதிக விசையுள்ள தோட்டாவை வைத்துச் சுட்டு, குழல் வெடிக்காமலும் பிதுங்காமலும் நின்றால் முத்திரை குத்துவார்கள். நம் நாட்டில் உற்பத்தியாகும் துப்பாக்கிகளுக்கும் இத்தகைய பரீட்சை உண்டு. ஆனால் அந்த முத்திரை எதற்கு அத்தாட்சி என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வெடிமருந்தின் அழுத்தத்தைக் குழலும் உருளையும் தாங்கும் என்பதற்குத்தான் அது அத்தாட்சியே ஒழிய, விசை ஒழுங்காக இயங்கும், உருளை உரிய இடத்தில் நிற்கும், ஆறு தோட்டாவும் ஆறு முறை வெடிக்கும் என்பதற்கெல்லாம் அது பொறுப்பேற்பதில்லை.

நீங்கள் சொல்லும் குறைகளோ முழுக்க இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. விசையை இழுக்கும்போது உருளை ஓர் அறையளவு சுழன்று, கீழேயுள்ள தாழ் அதன் பள்ளத்தில் விழுந்து பூட்ட, சுத்தியல் அடிக்கும் தருணத்தில் அறையின் வாயும் குழலின் வாயும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். அது மயிரிழை பிசகினால், புறப்பட்ட குண்டின் ஓரம் குழல்வாயில் சீவப்பட்டு, உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியாக ஈயம் வெளியே தெறிக்கும். அந்தச் சந்து எந்த ரிவால்வரிலும் இருந்தே தீரும். இல்லாவிட்டால் உருளை சுழலாது. உருளையின் சொற்ப ஆட்டமும் எல்லாவற்றிலும் உண்டு. ஆகவே "ஆடுகிறது" என்ற ஒன்றை மட்டும் முறையீட்டில் எழுதினால், எல்லாம் அப்படித்தான் என்று எதிர்த்தரப்பு எளிதில் சொல்லிவிடும். ஈயம் தெறித்தது என்பதைத்தான் நீங்கள் முன்னிறுத்த வேண்டும். அதற்குச் சமாதானம் சொல்வது சுலபமன்று.

வெடிக்காத இரண்டு தோட்டாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் முதலில் சொல்லப்போவது, "குற்றம் தோட்டாவினுடையது" என்பதே. அது உண்மையாகவும் இருக்கக்கூடும். ஆகவே அந்த இரண்டையும், தோட்டாப் பெட்டியில் அச்சிட்டுள்ள தொகுதி எண்ணோடு சேர்த்து, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அடிப்புறத்துக் கேப்பில் விழுந்திருக்கும் தழும்பு ஆழமற்றதாகவோ நடுவைவிட்டு விலகியோ இருந்தால், அடி சரியாக விழவில்லை என்று நிபுணர் சொல்ல அது ஆதாரமாகும். வெடித்தவற்றின் ஓடுகளையும் எறிய வேண்டாம். வெடிக்காத தோட்டா உரிமக் கணக்கில் தோட்டாவாகவே எண்ணப்படும் என்பதையும் மறக்கலாகாது. தழும்பைச் சோதிக்கிறேன் என்று சாளைக்குப் பின்னால் நின்று மறுபடி சுட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. அசட்டையாகச் சுட்டுப் பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கி, இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம் விதித்திருக்கிறது.

இனி நுகர்வோர் சட்டத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தரத்திலோ, ஒப்பந்தத்தின்படி வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ இருக்கவேண்டிய நிலையிலோ ஏற்படும் எந்தக் குறையையும் பழுது என்றே கொள்கிறது. வியாபாரத்துக்கன்றித் தற்காப்புக்காக வாங்கிய நீங்கள் ஐயத்துக்கிடமின்றி நுகர்வோர். பழுதுள்ள பொருளை ரசீதில் குறித்த கெடுவுக்குள்ளோ, கெடு குறிக்கப்படாதிருந்தால் முப்பது நாளுக்குள்ளோ திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அச்சட்டத்தின் 2(47)ஆம் பிரிவு பெயரிட்டே சொல்லுகிறது. எனவே "விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை" என்று ரசீதின் அடியில் அச்சடித்து வைத்திருந்தாலும், பழுதுள்ள சரக்குக்கு அந்த வாசகம் கவசமாகாது. நம் ஊர்க் கடைகள் ஏன் இன்னும் அதை அச்சடித்துக் கொண்டிருக்கின்றன என்பது எனக்கு விளங்காத ரகசியங்களில் ஒன்று.

கையில் கீறல் பட்டதை வைத்து, பொருளால் விளைந்த தீங்குக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று கோரும் அத்தியாயமும் அச்சட்டத்தில் இருக்கிறது. பொருளுக்கே நேர்ந்த சேதம் அந்த அத்தியாயத்தில் தீங்காகக் கருதப்படுவதில்லை. உடலுக்கு நேர்ந்தது கணக்கில் வரும். மருத்துவச் சீட்டு இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கீறலைப் பெரிய காயமாக வருணித்து வழக்கின் தலைப்பில் வைப்பதை நான் விரும்பவில்லை; மிகைப்படுத்திய ஒன்றைக் கண்டுபிடித்த நீதிபதி மற்றவற்றையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்.

செய்யவேண்டியது இது. கடைக்காரர், தயாரிப்பாளர் இருவருக்கும், ரிவால்வரின் எண், வாங்கிய தேதி, சுட்ட தேதி, கண்ட குறைகள் ஆகியவற்றை விவரித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் கடிதம் எழுதுங்கள். ரைபிள் கிளப்பில் உடனிருந்தவரிடம் எழுத்துமூலம் ஒரு வாக்குமூலம் வாங்குங்கள். பதினைந்து நாளில் தக்க பதில் வராவிட்டால், இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்து, உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கோயம்புத்தூருக்கு அலையவேண்டியதில்லை, முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யப் புதிய சட்டம் வழிவிட்டிருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான கிரயத்துக்குக் கட்டணமும் இல்லை. காலவரம்பு இரண்டாண்டு. பழுதைப் பரிசோதனையின்றி நிர்ணயிக்க இயலாதபோது, பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நாற்பத்தைந்து நாளில் அறிக்கை பெற 38ஆம் பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. துப்பாக்கிகளைப் பரிசோதிக்கும் பிரிவுள்ள தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்பும்படி முறையீட்டோடு ஒரு மனுவையும் போடுங்கள். அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்டவேண்டியிருக்கும். அவ்வாறு அனுப்புவது பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள்.

இதற்கிடையில் கடைக்காரர் மனம் மாறிக் கொண்டுவரச் சொன்னால், கூரியரில் அனுப்பாமல், தோட்டா இல்லாத ரிவால்வரையும் உரிமத்தையும் நீங்களே எடுத்துச் செல்லுங்கள். உங்களால் இயலாதபோது, செப்பனிடுவதற்காக உங்கள் எழுத்துமூல அதிகாரத்தோடு இன்னொருவர் எடுத்துச் செல்ல ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதற்கு முன் உங்கள் உரிமம் எந்த எல்லைவரை செல்லுபடியாகும் என்று பாருங்கள். ஈரோடு மாவட்டத்துக்கு மட்டுமே என்றிருந்தால், கோயம்புத்தூர் போக முன்னனுமதி வேண்டும். கடையில் ஒப்படைத்தவுடன், எண்ணைக் குறிப்பிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, என்ன பரிகாரம் கோருவது என்பது. புதிய ரிவால்வரை மாற்றித் தரும்படி கேட்கத்தான் உங்களுக்கு ஆசையிருக்கும். ஆனால் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று 2019ஆம் ஆண்டில் வரம்பு குறுகிவிட்டது. உங்களிடம் இரட்டைக்குழலும் ரிவால்வருமாக இரண்டும் நிறைந்துவிட்டன. பழுதான ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்து, அதன் பதிவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நீக்குவதற்கு முன் புதியது உங்கள் கைக்கு வந்தால், நியாயம் கேட்கப் போன நீங்களே சட்டவிரோதமாக மூன்றாவதை வைத்திருப்பவராவீர்கள். ஆகவே, கொடுத்த கிரயத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்பதை முதற்கோரிக்கையாகவும், மாற்றித் தருவதானால் பழுதானதன் பதிவு நீங்கி, புதியதன் எண் உரிமத்தில் ஏறிய பின்னரே தரவேண்டும் என்பதை மாற்றுக் கோரிக்கையாகவும் எழுதச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் தெரிவியுங்கள்.