நியமமும் யமமும்

நம் இல்லங்களில் பிறந்தவர்க்குப் புலால் உண்ணாமை புதிதாகக் கற்க வேண்டிய பாடம் அன்று. ஆயினும் நம் பிள்ளைகள் இன்று விடுதிகளிலும் வெளியூர்ப் பணியிடங்களிலும் பலரோடு கலந்து வாழ்கின்றனர். அவர்தம் நண்பர் ஒருவர், "ஒரு மாதம் மட்டும் புலால் இன்றி இருந்து பார்க்கிறேன்" என்கிறார். சில வேளை, குலவழக்கத்தை விட்டு விலகிய நம் பிள்ளையே அவ்வாறு கூறுவதுண்டு. "விடுவதானால் முழுதும் விடு, ஒரு மாதக் கணக்கு எதற்கு?" என்று நாம் மறுமொழி கூறிவிடுகிறோம். இம்மறுமொழி அறநூலுக்கு ஏற்றதுதானா என ஆராய்வதே இப்பாடம்.

இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்குவது ஆசாரியர் சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம். அதன் வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. துய்க்கும் பொருள்களை அளவுபடுத்தும் விரதத்தைக் கூறுமிடத்து, ஆசாரியர் துறத்தலை இருவகைப்படுத்துகிறார். காலவரையறையோடு கொள்வது நியமம். வாழ்நாள் முழுவதும் கொள்வது யமம். பகல், இரவு, அரைத்திங்கள், திங்கள், இருதிங்கட் பருவம், ஆறு திங்கள் கொண்ட அயனம் எனக் காலத்தையும் வகுத்துக் காட்டுகிறார்.

இங்கே ஓர் ஐயம் எழும். நியமம் என்பது உண்ணத் தகுந்த பொருள்களைக் குறைத்துக்கொள்வதற்கு உரியது. மது, புலால், தேன் ஆகியவற்றை அறவே விடுக என்றன்றோ அந்நூல் விதிக்கிறது? உண்மை. சிராவகர்க்கு அதில் தளர்வு இல்லை. ஆனால் அந்தப் படியில் இன்னும் கால் வைக்காதவர் நிலை என்ன? இதற்கும் அதே நூலில் விடை உண்டு.

அணுவிரதத்தால் சிறப்புற்றோரைக் கூறும்போது, ஆசாரியர் முதற்கண் காட்டுவது யமபாலனை. அவன் கதையை உரையாசிரியர் பிரபாசந்திரர் விரித்துரைக்கிறார். யமபாலன் அரசனிடம் கொலைத்தண்டனை நிறைவேற்றும் பணியாளன். ஒரு முனிவரிடம் அவன் ஏற்றது ஒரே விரதம்: சதுர்த்தசி நாளில் கொல்லேன் என்பது. அஷ்டாந்நிக நாட்களில் உயிர்க்கொலை கூடாதென்ற அரசாணையை மீறி இளவரசன் ஆடு ஒன்றைக் கொன்றான். அவனைக் கொல்லுமாறு யமபாலனுக்கு ஆணை வந்தது. அன்று சதுர்த்தசி. அவன் மறுத்தான். சினந்த அரசன் அவனை முதலைகள் வாழும் நீர்நிலையில் எறியச் செய்தான். தேவர்கள் அவனைக் காத்துப் போற்றினர்.

மற்ற நாட்களில் கொலைத்தொழில் புரிந்தவன் அவன். எனினும் ஆசாரியர் அவனது ஒருநாள் விரதத்தை இகழவில்லை. அதன் உறுதியையே போற்றினார். நாம் கற்க வேண்டியது இதுவே.

நம் அண்டை வீட்டாருள் பலர் ஆண்டுதோறும் புரட்டாசித் திங்களில் புலால் தவிர்க்கின்றனர். விலங்கிலிருந்து பெறும் உணவு அனைத்தையும், பாலையுங்கூட, சனவரித் திங்கள் முழுவதும் விட்டுப் பார்க்கும் 'வீகனுவரி' என்னும் இயக்கம் 2014இல் பிரிட்டனில் தொடங்கியது. இவை நம் நெறியிலிருந்து தோன்றியவை அல்ல. எனினும் அந்நாட்களில் எந்த உயிர் பிழைத்தாலும் அது நமக்கு மகிழ்ச்சியே.

இத்தகைய முயற்சி மேற்கொள்வோர்க்கு நாம் துணை நிற்கும் முறை:

1. தொடங்கும் நாள், முடியும் நாள், விடும் பொருள் ஆகிய மூன்றையும் முன்னரே வரையறுக்கச் செய்க. வரம்பில்லாத விரதம் எளிதில் குலையும்.

2. வெறும் சோறும் குழம்பும் போதா. பருப்பு, சுண்டல், பச்சைப்பயறு, கேழ்வரகு, கீரை ஆகியவற்றை நாள்தோறும் சேர்க்கச் சொல்க. கீரையுடன் எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் அதன் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

3. பால், தயிரையும் விட்டு நெடுங்காலம் தொடர்பவர், பி12 வைட்டமின் பற்றி மருத்துவரைக் கேட்பது நன்று. பயிருணவில் அச்சத்து இயல்பாகக் கிடைப்பதில்லை.

4. இடையில் தவறினால் ஏளனம் வேண்டா. மறுநாளே மீண்டும் தொடங்குமாறு அன்புடன் கூறுக.

5. இறுதி நாளில் வற்புறுத்தாது, "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டு, அமைதியாகச் செவிகொடுக்க. அடுத்த நியமம் அவர் வாயிலிருந்தே வரட்டும்.

இல்லத்தில் உரையாடுவதற்கு:

அ. நியமம், யமம் இரண்டுக்கும் வேறுபாடு யாது?

ஆ. யமபாலன் மற்ற நாட்களிலும் கொலைத்தொழிலை விட்டிருக்க வேண்டும் என்று கூறுவோர்க்கு நும் விடை யாது?

இ. பிறந்தது முதல் புலால் அறியாத நாம், வரும் திங்களில் எதனை நியமமாகக் கொள்ளலாம்? இரவுணவா, கிழங்கா, கடுஞ்சொல்லா?

மூன்றாம் வினாவுக்குப் பெரியவர்கள் முதலில் விடை கூறுக. தாமும் ஒரு நியமத்தைக் காத்து வருபவர் சொல்லையே பிள்ளைகள் மதிப்பர்.