ஓடாத படம் நிலைத்தது எப்படி?

கேள்வி: 1991-ல் வந்த ‘உருவம்’ படத்தை யூடியூபில் பார்த்தேன். வந்தபோது அது ஓடவில்லை என்கிறார் அப்பா. ஆனால் தமிழ்ப் பேய்ப் படம் என்று பேச்செடுத்தாலே என் நண்பர்கள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஓடாத படத்துக்கு இவ்வளவு பேர் எப்படி வந்தது?
– வாசகர், படப்பை

பதில்: அப்பா சொல்வது சரி. ஓடாததற்கும் நிலைத்ததற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நாயகன் மோகனின் முகம். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982), ‘உதயகீதம்’ (1985) என்று மைக் பிடித்துப் பாடியே வீட்டுப் பெண்களின் அன்பைப் பெற்றவர் அவர். ‘நூறாவது நாள்’ (1984) படத்தில் கொலைகாரனாக வந்தபோதுகூட அந்த முகம் அழகாகவே இருந்தது. ‘உருவம்’ படத்தில் இயக்குநர் ஜி.எம்.குமார் அதையே சிதைத்துக் காட்டினார். பாட்டுக்காக வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. மேக்கப் இன்று பழசாகத் தெரிகிறது. ஆனால் நமக்குப் பழகிய ஆளே மாறிப்போகிற திகில் கொஞ்சமும் குறையவில்லை. புதுமுகம் நடித்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

பேர் வந்தது தியேட்டருக்கு வெளியேதான். டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் பார்த்த காலம் அது. பேய்ப் படம் என்றால் நடுராத்திரிக்கு மேல்தான் போடுவார்கள். அப்படிப் பார்த்துப் போர்வைக்குள் ஒளிந்த பிள்ளைகள்தான் வளர்ந்த பிறகு இதைப் பற்றிப் பேசிப் பேசிப் பரப்பினார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு பேய்ப் படம் இப்படித் தியேட்டருக்கு வெளியே பரவியது. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேலான செலவில் எடுத்த படம். விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப் போனது. அன்றைய சட்டப்படி உரிமையே போய்விட்டது. ரொமேரோ குழுவுக்கு அது பெரும் நஷ்டம். ஆனால் யார் வேண்டுமானாலும் டிவியில் போடலாம், கேசட் போட்டு விற்கலாம் என்றானதும், படம் போகாத ஊரே இல்லை.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அந்தப் படத்தை 1999-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் மீட்டெடுத்து, 2016-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். ‘உருவம்’ படத்துக்கோ இணையத்தில் கிடைக்கும் மங்கிய பிரதிகள்தான் கதி. இருட்டு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பேய்ப் படத்தில் இருட்டு கெட்டால் பாதிப் படம் போயிற்று. நெகட்டிவ் யார் கையில் இருந்தாலும், அது புளித்து வீணாவதற்குள் ஸ்கேன் செய்தாக வேண்டும்.

அடுத்த முறை பார்க்கும்போது ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். இளையராஜாவின் பின்னணி இசையை போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிகூடத் தேறாது. இது பிடித்திருந்தால் சக்தி–கண்ணன் இயக்கத்தில் அர்ஜுன் நடித்த ‘யார்?’ (1985) படத்தையும் தேடிப் பாருங்கள்.