நிற்கும் படகுக்கும் செலவுண்டு

ஆழமறியாமல் காலை இடாதே என்பது நம் முதியோர் வாக்கு. நீரில் இறங்குவோனுக்குக் கூறிய இம்மொழி, நீரின்மேல் மிதக்கும் பொருளொன்றை விலைக்கு வாங்க எண்ணுவோனுக்கும் சாலப் பொருந்தும். ஒரு பொருளின் விலை வேறு. அதனைப் பேணுதற்காகும் செலவு வேறு. விலை ஒருமுறை கொடுப்பது. பேணுஞ் செலவோ, பொருள் நம் கையிலுள்ள வரையில் ஓயாது கேட்பது. பொருளியல் நூலார் இதனை நிலைச்செலவு, மாறுஞ்செலவு என இருவகையாகப் பகுப்பர். தொழிற்சாலைகளைக் காட்டி விளக்கப்படும் இப்பாகுபாட்டை, இங்கிலாந்து தேசத்துக் கால்வாய்களில் ஓடும் உல்லாசப் படகு ஒன்றைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அக்கால்வாய்கள் உல்லாசத்துக்காகத் தோண்டப்பட்டவை அல்ல. பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுசெல்லும்பொருட்டு வெட்டுவித்த கால்வாய் 1761-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்பார் அதன் பொறியியலாளருள் ஒருவர். அதன் பயனைக் கண்ட ஏனையோரும் நாடெங்கும் கால்வாய்கள் வெட்டினர். மேட்டு நிலங்களில் படகு ஏறி இறங்குதற்கு 'லாக்கு'கள் அமைக்கப்பட்டன. லாக்கு என்பது இருபுறமும் கதவுடைய தொட்டி; அதில் நீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் தாழும். பல கால்வாய்களில் இத்தொட்டியின் அகலம் ஏறக்குறைய 7 அடியே. ஆகவே அதனுட் புகும் படகும் 7 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும், ஏறக்குறைய 70 அடி வரை நீளமும் உடையதாயிற்று. இதுவே 'நாரோபோட்' எனப்படும் ஒடுங்கிய படகு.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. அதன்பின் மோட்டார் லாரி வந்தது. சரக்குகள் கால்வாயைக் கைவிட்டன. 1948-இல் கால்வாய்களுட் பெரும்பாலன அரசாங்கத்தின் உடைமையாயின. 1962-63-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் நீர் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தமையால், எஞ்சிநின்ற வாணிகமும் பெரும்பாலும் அற்றது. தூர்ந்து போயிருக்க வேண்டிய அந்நீர்வழிகளைக் காத்தவர் யாவர்? பொழுதுபோக்குக்காகப் படகு செலுத்தியவரும், அவர்க்குத் துணைநின்ற தொண்டருமே. 1946-இல் தோன்றிய உள்நாட்டு நீர்வழிச் சங்கம் அவர்தம் குரலாயிற்று. 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளை ஓர் அறக்கட்டளை பராமரித்து வருகின்றது. அவற்றில் 30,000-க்கு மேற்பட்ட படகுகள் உள்ளன.

இனிச் செலவினங்களைக் காண்போம். முதலாவது லைசென்சு என்னும் உரிமைக் கட்டணம். படகின் நீள அகலங்களுக்கேற்ப இது விதிக்கப்படும். 57 அடிப் படகுக்கு ஆண்டொன்றுக்கு ஆயிரம் பவுனுக்கு மேலாகும். இரண்டாவது துறைக்கூலி. வீட்டுக்கு மனை வேண்டுவதுபோலப் படகுக்குக் கட்டுமிடம் வேண்டும். நாட்டுப்புறத்தில் இக்கூலி தாங்கத்தக்கது. இலண்டன் மாநகரிலோ பன்மடங்காகும். மூன்றாவது இன்ஷூரன்ஸ். நான்காவது பாதுகாப்புச் சோதனை. எரிவாயுக் குழாய், மின்கம்பி, எரிபொருட் கலம் முதலியவற்றைச் சோதித்து வழங்கும் நற்சான்று நான்காண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். சான்றும் இன்ஷூரன்ஸும் இல்லாதார்க்கு லைசென்சு கிடையாது. இந்நான்கும் நிலைச்செலவுகள். படகு ஆண்டு முழுவதும் ஓடினும், ஒரு நாளும் ஓடாது நிற்பினும், இவை குறைவதில்லை.

மாறுஞ்செலவுகளுள் தலையாயது எரிபொருள். கால்வாயில் மணிக்கு 4 மைலுக்கு மேல் விரைதல் கூடாது என்பது விதி. மெல்லச் செல்வதாதலின் எஞ்சின் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் டீசலே கொள்ளும். இதனுடன் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுதல், சமையலுக்கு வாயு, குளிர்காயக் கரி, கழிவகற்றும் கூலி என்பனவும் சேரும்.

இவ்விருவகையினும் வேறானதொன்று உளது. அதுவே நீரோடும் துருவோடும் செய்யும் போர். இப்படகுகளின் உடல் உருக்குத் தகட்டாலாயது. இக்காலத்து வழக்கப்படி அடித்தகடு 10 மில்லிமீட்டரும், பக்கத் தகடு 6 மில்லிமீட்டரும் கனமுடையன. நீரும் காற்றும் கூடுமிடத்தில் துரு மிகுதியாகப் பற்றும். அதனைத் தடுத்தற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, அடியைச் சுரண்டிக் கழுவி, கீல் பூசுவர். அன்றியும் படகின் பக்கங்களில் மக்னீசியக் கட்டிகளைப் பற்றவைப்பர். உருக்கினும் எளிதிற் கரையும் தன்மையுடையதாதலின், மக்னீசியம் முன்னே அரிக்கப்பட்டு உருக்கைக் காக்கும். ஒன்றைக் காத்தற்பொருட்டு மற்றொன்று தேயும் இந்த ஏற்பாட்டில், தேய்ந்த கட்டியை மாற்றாதவன் தகட்டையே தேயவிட்டவனாவான். தகடு மிக மெலிந்தால் மேலே புதுத்தகடு பொருத்தவேண்டும். அப்பெருஞ்செலவின் முன் கீலும் கட்டியும் அற்பமே.

சிறு செலவைக் கருதாமையால் வரும் கேட்டுக்கு இன்னுமோர் உதாரணம் கூறுவோம். எஞ்சினின் சுழல்தண்டு படகின் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு நீருட் செல்கின்றது. அத்துளையின் வழியே நீர் புகாதபடி திரி சுற்றிக் கிரீஸ் அடைத்திருப்பர். படகு ஓடிய நாட்களில் மாலைதோறும் கிரீஸ் குப்பியின் திருகைச் சிறிது முறுக்குதல் வேண்டும். இதற்காகும் பொருள் சில காசுகளே. முறுக்க மறந்தால் துளித்துளியாக நீர் உட்கசியும். கசிந்த நீரைப் பாட்டரியால் இயங்கும் சிறு பம்பு வெளியேற்றிக்கொண்டிருக்கும். உடையவன் மாதக்கணக்கில் வாராதிருப்பின் பாட்டரி வலியிழக்கும், பம்பு நிற்கும், துளிகள் நிற்கமாட்டா. முடிவில் படகு கட்டிய இடத்திலேயே அமிழும். குளிர்காலத்திலும் இவ்வாறே. குழாய்களில் நின்ற நீரை வடிக்காமற் சென்றால், அது உறைந்து பருத்துக் குழாய்களைப் பிளந்துவிடும்.

இப்பொழுது ஒரு கணக்கிடுவோம். ஒருவன் ஆண்டில் ஆறு வாரம், அதாவது 42 நாள், நாளொன்றுக்கு 5 மணிநேரம் படகு செலுத்துகின்றான் எனக் கொள்க. மொத்தம் 210 மணி. மணிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 315 லிட்டர் டீசல். லிட்டர் ஒன்றரைப் பவுன் என்று வைத்தாலும் 473 பவுனுக்கு உட்படும். இது லைசென்சுக் கட்டணம் ஒன்றன் பாதியளவுகூட ஆகாது. துறைக்கூலியும் கீல் பூச்சும் இன்ஷூரன்ஸும் இதற்கு அப்பாற்பட்டவை. ஆகவே அவன் செலவிற் பெரும்பகுதி ஓடிய 42 நாளுக்குரியதன்று. நின்ற 323 நாளுக்குரியது. மாணாக்கர் இதிலிருந்து ஒரு விதியைத் தேறலாம்: நிலைச்செலவு மிகுந்த உடைமையை எத்துணை மிகுதியாகப் பயன்படுத்துகின்றோமோ, அத்துணை ஒவ்வொரு நாளின் செலவும் குறையும். இதனை உணர்ந்தே அந்நாட்டார் சிலர் பன்னிருவர் கூடி ஒரு படகைப் பங்காக வாங்கி, ஆண்டில் நான்கு வாரம் வீதம் முறைவைத்து ஆள்கின்றனர். இரண்டு வாரமே ஓய்வுடையவன் வாடகைக்கு எடுத்தலே அறிவுடைமையாம்.

எனினும் இவ்வாராய்ச்சி சிக்கனத்தோடு முடிவதன்று. படகைப் பொழுதுபோக்காகக் கொள்ளாது வீடாகவே கொண்டு வாழ்வோரும் அக்கால்வாய்களில் ஆயிரக்கணக்கானோர் உளர். வீட்டு வாடகை தாங்கொணாமையால் படகை நாடியவரும் அவருட் பலர். நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்றலாகாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். துறைக்கூலி கொடுக்க இயலாதவர் இவ்விதிப்படி இடம்பெயர்ந்துகொண்டே வாழ்கின்றனர். 2024 ஏப்ரல் முதல் இத்தகைய படகுகளுக்கு லைசென்சுக் கட்டணத்தின்மேல் மிகைவரி விதிக்கப்பட்டது. ஓய்வுடையார்க்கு அஃது உல்லாசத்தின் விலை. இவர்க்கோ குடிக்கூலி உயர்வு. படகுவாசிகள் பலர் இதனை எதிர்த்தனர்.

அறக்கட்டளையின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. இருநூறாண்டு கடந்த லாக்குகளும் கரைகளும் நீர்த்தேக்கங்களும் படகைப்போலவே நின்றபடி செலவு கேட்பவை. 2027-க்குப் பின் அரசாங்க உதவித்தொகை படிப்படியாகக் குறையும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. குறையும் தொகையை யாரேனும் ஈடுசெய்தல் வேண்டும். ஈடுசெய்வார் இல்லாத கால்வாயின் கதியை நாம் அறிவோம். 1806-இல் தொடங்கப்பெற்ற நம் பக்கிங்காம் கால்வாயில் வாணிகம் அற்றபின், அதன் நீர்வழியைப் பேணக் கட்டணம் செலுத்தும் படகோட்டிகள் எவரும் எஞ்சவில்லை. சென்னை நகரினுள் அதன் இன்றைய நிலை கண்கூடு.

ஆதலின் நாம் கொள்ளும் முடிவு இது. பேணுஞ் செலவைத் தண்டமென்று வெறுத்தல் தகாது; அதுவே உடைமையின் உயிர். ஆனால் கரையோரத்து வீட்டாரும், நடப்பாரும், மீன்பிடிப்பாரும், அந்நீரால் நிலமதிப்புப் பெறுவாரும் துய்க்கும் பொதுப்பொருளின் பாரத்தை, அதில் மிதப்பார்மேல், அவருள்ளும் எளியார்மேல், மிகுதியாக ஏற்றுதல் நேரிதன்று. படகு வாங்குவோன் நிற்கும் நாளின் செலவை முன்னரே எண்ணுக. கால்வாய் வேண்டுமென்னும் நாட்டாரும் அவ்வாறே எண்ணுவாராக.