தன் செலவில் கைவைத்த சிற்றரசர்

கேள்வி: ஜப்பானின் டைம்யோக்கள் (சிற்றரசர்கள்) எல்லோருமே வாளும் போருமாக வாழ்ந்தவர்கள்தானா? மக்களை நினைத்தவர் ஒருவராவது உண்டா?

பதில்: உண்டு. யோனெசாவாவை ஆண்ட உயெசுகி யோசானின் வாழ்க்கையை அவசியம் படியுங்கள்.

1751-இல் பிறந்து உயெசுகி குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாக வந்தவர். 1767-இல் பதவியேற்றபோது இன்னும் பதின்பருவம் தாண்டவில்லை. ஒரு காலத்தில் 12 லட்சம் கொகு விளைச்சலுள்ள நிலத்தை ஆண்ட குடும்பம் அது. (ஒரு கொகு என்பது ஏறத்தாழ ஒருவர் ஓராண்டு உண்ணும் அரிசி.) ஜப்பானின் அதிகாரத்தைக் கைப்பற்றிய தோகுகாவாக்களிடம் பணிந்தபின் அந்த விளைச்சல் படிப்படியாகக் குறைந்து ஒன்றரை லட்சத்தில் நின்றது. ஆனால் சாமுராய்களின் கூட்டம் அதற்கேற்பக் குறையவில்லை. போதாததற்கு, எல்லா டைம்யோக்களையும் போல தோகுகாவாக்களின் தலைநகரான எடோவிலும் ஒரு மாளிகை நடத்தியாக வேண்டும். கடன் கழுத்தை நெரித்தது.

யோசான் முதலில் வெட்டியது தன் சொந்தச் செலவை. ஆண்டுக்கு 1,500 ரியோவாக (ரியோ என்பது அன்றைய தங்க நாணயம்) இருந்ததை 209 ஆக்கினார். பணிப்பெண்கள் 50 பேர் 9 பேரானார்கள். பட்டை விட்டுப் பருத்தி உடுத்தினார். 1773-இல் மூத்த அதிகாரிகள் எழுவர் எதிர்த்து நின்றபோது, இருவரை வயிற்றைக் கிழித்து மாளும்படி ஆணையிட்டார். அந்தக் கடுமையையும் சொல்லத்தான் வேண்டும்.

1785-இல் பதவி விலகும்போது வாரிசுக்கு எழுதிக்கொடுத்த அறிவுரையில், மக்களுக்காகவே அரசன், அரசனுக்காக மக்கள் இல்லை என்றார். பரம்பரை ஆட்சியாளர் ஒருவர் இப்படி எழுதியதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். 1822-இல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு யோனெசாவாவின் கடன் அநேகமாக முழுதும் அடைந்திருந்தது.