வாய் திறந்த முதலை: ஓர் இளம் சிற்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்காக நீ வரைந்து அனுப்பிய படங்கள் கிடைத்தன. முதலைப் படத்தில் கோடு நன்றாக ஓடுகிறது. ஆனால் அது வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி, முன்காலை ஓங்கி, யார்மேலோ பாயப் போகிறது. ‘பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும்’ என்று ரிசார்ட்காரர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும். கல்லில் உளி வைப்பதற்கு முன்னால் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் காலையிலேயே போய் உட்கார். ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய இடம். உன் பட்டறையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான்.

வெயில் ஏற ஏற அங்கே சதுப்பு முதலைகள் ஒவ்வொன்றாய் வாயைத் திறக்கும். திறந்தது திறந்தபடி, வயிறு மண்ணில் படிய, அசையாமல் கிடக்கும். கோபமெல்லாம் இல்லை. முதலைக்கு வியர்க்காது. உடம்பு வெயிலில் காய வேண்டும், தலை மட்டும் அளவுக்குமேல் சூடாகக் கூடாது. வாயின் ஈரம் காற்றில் ஆவியாகும்போது தலை குளிர்கிறது. மழையிலும் இரவிலும்கூடச் சில நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கும், அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம்; பாய்வதற்கான ஆயத்தம் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

வாயைத் திறந்து செதுக்குவது உன் விருப்பம். செதுக்கினால் தொண்டைக்குள் ஆழமாகத் துளை போடாதே. முதலையின் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கும், வெளியே நீளாது. நாக்குக்குப் பின்னால் ஒரு சதைத் திரை தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீருக்கடியில் இரையைக் கவ்வும்போது மூச்சுக்குழாயில் நீர் புகாமல் அதுதான் காக்கிறது. தாடையோரம் நெடுகக் கரும்புள்ளிகள் தெரியும். நீரின் சிற்றலையைக்கூட உணர்கிற புலன்கள் அவை. முதுகில் எழும்பி நிற்பவை வெறும் செதில்கள் அல்ல, தோலுக்குள் எலும்புத் தட்டுகள் உண்டு. அவற்றில் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, காலை வெயிலின் சூட்டை உடம்புக்குள் கொண்டுபோக உதவுகின்றன. ஆகவே வெயில் காயும் முதலையின் முதுகுதான் சிற்பத்தின் மையம். நீயோ உழைப்பையெல்லாம் பல்லில் போட்டிருக்கிறாய்.

கல்லூரியில் உனக்குத் தாலமானம் சொல்லிக்கொடுத்தார்கள். உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் முழு உயரம் 124 பங்கு. முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை. நாரைக்கும் முதலைக்கும் அப்படிக் கணக்கு எழுதிவைத்தவர் இல்லை. அவற்றின் அளவு அவை வாழும் ஏரியிலும் கரையிலும் இருக்கிறது. இன்னொன்று: சூட்டையும் உப்பையும் தண்ணீரையும் உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்பதை உன்னால் செதுக்க முடியாது. அந்தச் சமாளிப்பு விலங்கு நிற்கிற விதத்தில், கிடக்கிற விதத்தில் வெளியே தெரியும். நீ பிடிக்க வேண்டியது அதைத்தான்.

பல்லவர் காலத்து ஆட்கள் இதை அறிந்திருந்தார்கள். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் தன் பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறிந்துகொள்ளும் மானைப் பார்த்திருப்பாய். கழுத்து எந்தப் பக்கம் வளைந்தால் குளம்பு முகத்துக்கு எட்டும் என்று காட்டில் பார்த்தவனுக்குத்தான் தெரியும். யானைகளும் அப்படியே, பெரியதின் காலடியில் குட்டிகள் நிற்கிற விதத்தில் பொய்யே இல்லை. மாமல்லபுரத்துச் சிங்கங்களைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அழகானவைதான், ஆனால் பார்த்துச் செதுக்கியவையாக எனக்குத் தோன்றவில்லை. மானுக்கு ஒரு வேலை இருக்கிறது, சிங்கத்துக்கு அலங்காரம்தான் இருக்கிறது.

அடுத்தது உன் நாரைகள். இதில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் மதுராந்தகம் பஸ் ஏறி வேடந்தாங்கலுக்குப் போ. பைனாகுலர் கடன் வாங்கியாவது கொண்டுபோ. முதலில் கால். நாரையின் முட்டி பின்பக்கமாக மடங்குவதுபோல வரைந்திருக்கிறாய். அது முட்டியே அல்ல, கணுக்கால். உண்மையான முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கும், நம் முட்டியைப் போல முன்பக்கம்தான் மடங்கும். இது புரிந்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்கும் பறவையின் எடை எங்கே இறங்குகிறது என்பதும் புரியும், உன் கல்லும் சாயாமல் நிற்கும்.

உச்சி வெயிலில் நாரைகளின் கால் வெள்ளையடித்தது போலிருக்கும். தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும்; அந்த ஈரம் காய்கையில் காலில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. அசிங்கம் என்று முகம் சுளிக்காதே, அதுவும் அதற்கு ஒரு குளிர்சாதனம். அதே நேரம் கூட்டில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சின்மேல் நிழல் போட்டு நிற்கும். பக்கத்து மரத்தில் பாம்புத்தாராவும் சிறகை விரித்து நிற்கும், ஆனால் காரணம் வேறு. அதன் இறகு தண்ணீரில் ஊறிவிடும். ஊறுவதால்தான் மிதக்காமல் அமிழ்ந்து நீந்தி மீனைக் குத்துகிறது, கரை ஏறியதும் காய வைக்கிறது. தாராவின் சிறகு வெயிலுக்குத் திறந்திருக்கும், நாரையின் சிறகு கூட்டின்மேல் கவிந்திருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி வளைத்துவிட்டால் பறவை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

நத்தைகுத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். அந்தச் சந்தில் நத்தையை வைத்து நொறுக்குகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்படியில்லை. ஓட்டைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் கூர்நுனியை மூடிக்குள் செலுத்தித் தசையை அறுத்துச் சதையை இழுத்துவிடுகிறது. ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். அந்த நத்தையும் லேசுப்பட்டதல்ல. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கோடையில் ஏரி வற்றினால் மூடியை அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் காத்துக் கிடக்கும். உன் படத்தில் குஞ்சுகளின் அலகிலும் இடைவெளி போட்டிருக்கிறாய், அழித்துவிடு. குஞ்சுக்கு அலகு நேராகத்தான் இருக்கும், வளர வளரத்தான் இடைவெளி விழும்.

கல்லில் வரவே வராத விஷயங்களும் உண்டு. முதலைக் குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடந்த சூடு முடிவு செய்கிறது. சதுப்பு முதலைகளைப் பற்றி 1989-இல் வெளியான ஆய்வில், 28 முதல் 31 டிகிரி வரை பெண் குட்டிகள் மட்டுமே பொரிந்தன, 32.5 டிகிரியில் ஆண் குட்டிகள் மட்டுமே. ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம்! எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை. ஆனால் முட்டையைச் செதுக்கினால் முட்டைதான் தெரியும். இதைத் தகவல் பலகை எழுதுகிறவருக்கு விட்டுவிடு.

கடைசியாக ஆமை. நீ வரைந்திருப்பது கோயில் கூர்மம்: ஓட்டுக்குள் பாதி இழுத்த தலை, நகம் வைத்த குட்டைக் கால். அது குளத்து ஆமைக்குச் சரி. நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையால் தலையையும் துடுப்பையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. நீரைக் கிழித்து நீந்தத் தட்டையான ஓடும் நீண்ட முன்துடுப்பும் அமைந்த உடம்பு அது. உள்ளே ஒளிய இடமில்லை. கரையில் அது அழுவதாகச் சொல்வார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஆமையின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்ச உப்பை வெளியேற்ற அதன் சிறுநீரகத்தால் முடியாது. கண்ணருகே உள்ள சுரப்பி கடல்நீரைவிட உப்பான நீராக வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது ‘அழுதுகொண்டுதான்’ இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. ஆகவே முகத்தில் சோகம் வைக்காதே.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிட வரும். 1988-லிருந்து சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினரோடு ஒரு ராத்திரி நடந்து பார். போன் வெளிச்சம் போடாதே, ஆமை திரும்பிப் போய்விடும். ஆமை கிடைக்காவிட்டாலும் தடம் கிடைக்கும். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஊர்வதால் இடது வலது தடங்கள் முன்பின்னாக விழும். கரையேறும் ஆமையைச் செதுக்குவதானால் ஒரு துடுப்பு முன்னால், ஒன்று பின்னால். நீந்தும் ஆமையானால் இரண்டும் சிறகுபோல ஒருசேர விரியும், அதற்கு அகலமான கல் வேண்டும். எது வேண்டும் என்று கல்லுக்குச் சொல்லிவிடுவதற்கு முன்னால் ரிசார்ட்காரரிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்
செங்கல்பட்டு