வரையாடு பக்கத்தில் வந்தால் பழகிவிட்டது என்று அர்த்தமா?

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாட்களில் மூணாறுக்குப் போகிறவர்கள் ராஜமலையை விடுவதில்லை. இரவிகுளம் தேசியப் பூங்காவில் பொதுமக்கள் போய்வரக்கூடிய பகுதி அது. பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். நமக்குத் திறந்திருப்பது அதன் ஓர் ஓரம் மட்டும். வனத்துறைப் பேருந்தில் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, இறங்கி நடந்தால், தார்ப்பாதையின் விளிம்பிலேயே வரையாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். 2025இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் இந்த இனத்தில் எண்ணப்பட்டவை மொத்தம் 2,668. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அப்படிப்பட்ட விலங்கைக் கைநீட்டும் தூரத்தில் பார்ப்பது பெரும்பேறு. அந்தக் கைநீட்டும் தூரம்தான் பல தப்பெண்ணங்களுக்கும் காரணம்.

“ஓடாமல் நிற்கிறதே, மனிதர்களோடு பழகிய ஆடுதான்” என்பது அவற்றில் முதலாவது. இந்த மலை ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களம். கண்மூடித்தனமாகச் சுட்டால் மிச்சம் இருக்காது என்று உணர்ந்து, வேட்டைக்கு வரம்பு வைத்தவர்களும் அவர்களே. முதுவர் பழங்குடியினர் காவலர்களாக இருந்து அந்த வரம்பைக் காத்தார்கள். 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களைச் சட்டம் போட்டு மீட்டது. 1975இல் இது சரணாலயம் ஆனது, 1978இல் தேசியப் பூங்கா. ஆக, துப்பாக்கிக்குத் தப்பி ஓடவேண்டிய தேவை இல்லாமலே பல தலைமுறைகள் இங்கே பிறந்து வளர்ந்துவிட்டன. நாள்தோறும் வந்துபோகும் கூட்டத்தால் கெடுதல் இல்லை என்று கண்டு, அவை நம்மைப் பொருட்படுத்தாமல் மேய்கின்றன. அவ்வளவுதான் அந்தப் பழக்கம்.

அதை நட்பு என்று எடுத்துக்கொண்டு சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. உப்புக்கு நாக்கு நீட்டாத மேய்ச்சல் விலங்கு ஏது? அது வரும், வாங்கும், மறுநாளும் அதே இடத்தில் வந்து நிற்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் மலைப்பாதையில், ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: வண்டிகள் சீறிப்போகும் சாலையோரச் சுவர்மேல் வரையாடுகள் நிற்கும். அங்கே ஒரு பிஸ்கட்டைப் போடுவது அதைச் சக்கரத்தின் அடியில் கூப்பிடுவதற்குச் சமம். வளர்ந்த கிடா 100 கிலோ வரை எடை இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்த விலங்கை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கொம்பைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வழக்கில் சிக்கியவர்கள் உண்டு.

அடுத்தது, பூங்காவை மூடுவது பற்றி. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போய் வாசலோடு திரும்பியவர்கள் “சீசன் இல்லாததால் மூடிவிட்டார்கள்” என்று சொல்வதுண்டு. உண்மையில் வரையாட்டுக்கு அதுதான் முக்கியமான பருவம். மழைக்காலத்தில் இணைசேர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, தை மாசியில் அவை குட்டி போடுகின்றன. பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டி. அதிலும் கணிசமானவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. சிறுத்தையும் செந்நாயும் காத்திருக்கும் மலையில், கூட்டம் மிரண்டு சிதறித் தாயும் குட்டியும் ஒருமுறை பிரிந்தால் போதும். அதனால்தான் வாசலை அடைக்கிறார்கள்.

ஏப்ரலில் திறக்கும்போது நாம் காண்பது அந்தக் குட்டிகளை. தாயின் பின்னங்காலை ஒட்டியே ஒன்று நிற்கும். தாய் புல்லைக் கடித்தபடி நாலடி நகர்ந்தால், அது ஒரு துள்ளலில் பாறையின் நெற்றியில் ஏறி, நாலு குளம்புகளையும் ஒரு கையகல இடத்தில் சேர்த்துவைத்து நின்று, கீழே பார்த்து, மறுபடி தாயிடம் இறங்கும். விளையாட்டுப்போலத் தெரியும். ஆனால் வரையாட்டுக்கு இருக்கும் ஒரே கோட்டை செங்குத்துப் பாறை; ஆபத்து வந்தால் அங்கேதான் ஓடவேண்டும். எவ்வளவு நல்ல புல் இருந்தாலும் பாறையை விட்டு வெகுதூரம் போய் அவை மேய்வதில்லை. பாதையில் கூட்டமாக நின்று படம் எடுக்கும்போது, ஆட்டுக்கும் பாறைக்கும் நடுவில் நாம் நின்றுவிடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

“பெரிய கொம்பு வைத்த கிடாதான் கூட்டத்தின் தலைவன்” என்பதும் சரியல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. கரும்பழுப்பு உடம்பில், முதுகின்மேல் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் நரை விழுந்து, கருத்த முன்னங்கால் முட்டியில் வெள்ளைத் திட்டோடு நிற்பது முதிர்ந்த கிடா. நோயோ தள்ளாமையோ அந்த நரைக்குக் காரணம் இல்லை. வேனிற்காலத்தில் இந்தக் கிடாக்கள் பெரும்பாலும் ஒதுங்கியே திரியும்; நாம் காணும் கூட்டம் பெட்டைகளும் குட்டிகளும் இளசுகளும் சேர்ந்தது. மேட்டில் நின்று நாலு திக்கும் பார்ப்பது பலநேரம் ஒரு பெட்டைதான்.

இது வெள்ளாட்டின் காட்டுச் சொந்தம் என்ற எண்ணமும் 2005இல் மரபணு ஆய்வால் மாறியது. செம்மறி இனத்துக்குத்தான் வரையாடு நெருக்கம். இமயமலையில் இருக்கும், அதன் சாடைகொண்ட ஆடோ வெள்ளாட்டுப் பக்கம். அதனால் வரையாட்டுக்குத் தனிப் பேரினமே ஒதுக்கிவிட்டார்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இன்னொரு நம்பிக்கை: “வெறும் புல்லாகக் கிடக்கிறதே, மரம் நட்டால் காடாகுமே.” வெள்ளைக்காரர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பின்னும் அரசுகளே இப்படி நினைத்தன. நீலகிரியிலும் மூணாறைச் சுற்றியும் சீகை மரமும் தைல மரமும் பைனும் நட்டார்கள். நீலகிரியின் முக்கூர்த்தியில் சீகை பரவிய அளவுக்கு வரையாட்டின் மேய்ச்சல் சுருங்கியது. இந்த உயரத்தில் மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக அமைந்திருப்பதே இயற்கை. பெய்யும் மழையையும் பனிநீரையும் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடுவதில் இந்தப் புல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. நடந்துபோகும்போது சில சரிவுகளில் கருகிய திட்டுகளைப் பார்த்துக் காட்டுத்தீ என்று பதறுவோரும் உண்டு. கோடைத் தீ கொடியதுதான். ஆனால் இரவிகுளத்தில், குளிர்காலத்திலேயே சிறு சிறு பகுதியாகக் கட்டுப்பாட்டோடு புல்லை எரிக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. முற்றிக் காய்ந்த தாள் போய் இளம் துளிர் வரும். சித்திரையில் வரையாடு தேடிப்போவது அந்தத் துளிரைத்தான்.

கடைசியாக, குறிஞ்சி. வேனிலில் வந்து “நீலப்பூ எங்கே?” என்று காவலரைக் கேட்காதவர் குறைவு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையான மாதங்களில் மலைமுழுக்கப் பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பூத்துக் காய்த்ததும் செடி பட்டுப்போகும். விதையிலிருந்து புதிதாக எழும். இப்போது சரிவுகளில் நீங்கள் காணும் புதர்கள் 2018இல் விழுந்த விதைகளின் வாரிசுகள்.