கம்ப்யூட்டர் "அனுமதி இல்லை" என்றால் லேபிள் வேலை நிற்க வேண்டுமா?



போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கடைக்காரர் கால் கிலோ முந்திரிப் பாக்கெட் முன்னூறு கேட்டிருந்தார். பருப்பு வாங்கி, முழுசு வேறு உடைசல் வேறு என்று பிரித்து, பாக்கெட்டும் போட்டாச்சு. லேபிள்தான் பாக்கி. வெளியே கொடுத்தால் காசு போகுமே என்று, கம்ப்யூட்டர் வகுப்பு முடித்த நம்ம தங்கை ஒருத்தி, மாலை நேரத்தில் நமக்கு இடம் கொடுக்கும் ஒரு மையத்தில் உட்கார்ந்து இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வரைந்தாள்.

படம் அழகாகத்தான் வந்தது. சேமிக்கப் போனால் "அனுமதி இல்லை" என்றது. புதுத் தமிழ் எழுத்துரு ஒன்றை ஏற்றப் பார்த்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அட்மின் என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் நிர்வாகி. அவர் அன்றைக்கு இல்லை. சும்மா இருந்தோமா? "இதைப் போட்டுப் பாரு, அதைப் போட்டுப் பாரு" என்று ஆளுக்கொரு பாஸ்வேர்டு சொன்னோம். அட்மின் கணக்கே பூட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் பொறுப்பாளருக்கு அதைத் திறக்கிற வேலை, நமக்குத் திட்டு. அந்தத் திட்டு நியாயம்தான்.

கடைசியில் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த பழைய எழுத்துருவை வைத்து ஒப்பேற்றி, கோப்பை பென் டிரைவில் அச்சகத்துக்குக் கொண்டு போனோம். அங்கே திறந்தால் தமிழே இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். நேரம் முடிந்துவிட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து முன்னூறு ஒட்டுச்சீட்டு கையால் எழுதினோம். கடைக்காரர் நூற்றெண்பது பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பினார்.

பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் வயிற்றெரிச்சல் அதிகமானது. அன்றைக்கு நமக்குத் தேவைப்பட்ட எதற்குமே அட்மின் பாஸ்வேர்டு வேண்டியதில்லை! அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

குவார்ட்டர்ஸ் கணக்கு

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். என்.எல்.சி. குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம் என்று வையுங்கள். பீரோவை எந்த மூலையில் வைக்கலாம், எந்தச் சாமி படத்தை மாட்டலாம் என்பதெல்லாம் நம் இஷ்டம். சுவரை இடித்து ஜன்னல் வைக்க வேண்டுமென்றால் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரும் அப்படித்தான். நம் பெயரில் உள்ளே நுழைந்ததும் நமக்கென்று ஓர் இடம் இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் அந்த வீட்டு அறைகள். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் என்ற இரண்டு அடைவுகளும் தெருவும் தண்ணீர்க் குழாயும் மாதிரி; எல்லாருக்கும் பொது. அங்கே கை வைக்க அட்மின் வேண்டும்.

"முன்னெல்லாம் இப்படிக் கேட்காதே" என்று சிலர் சொல்வது உண்மைதான். எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலானோர் அட்மின் கணக்கிலேயே வேலை பார்த்தார்கள். வைரஸும் அதே அதிகாரத்தோடு உள்ளே வந்தது. 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்துதான் எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கும் வழக்கம் வந்தது. இதில் நம்மைச் சந்தேகப்படுவதாக நினைக்க ஒன்றுமில்லை. குழுவின் வங்கிக் கணக்கில் ஊக்குநர் மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியுமா? அதே பாதுகாப்புதான்.

சேமிக்க முடியவில்லை என்றால்

முதலில் எங்கே சேமிக்கிறோம் என்று பாருங்கள். நம்ம தங்கை செய்த தப்பு, கோப்பை நேராக சி டிரைவின் மேலேயே வைக்கப் பார்த்தது. சாதாரணக் கணக்குக்கு அது கிடையாது. "சேவ் ஆஸ்" கொடுத்து டாக்குமென்ட்ஸில் வைத்தால் முடிந்தது.

டாக்குமென்ட்ஸிலும் மறுத்தால்? அப்போது டவுன்லோட்ஸில் வைத்துப் பாருங்கள். அங்கே போகிறது, டாக்குமென்ட்ஸில் மட்டும் போகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் வேறு. விண்டோஸில் 2017 முதல் ஒரு காவல் இருக்கிறது. நம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வைரஸைத் தடுக்க, தெரியாத மென்பொருள் எதுவும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற அடைவுகளில் எழுத முடியாதபடி அது நிறுத்தும். அந்தக் காவலுக்கு இங்க்ஸ்கேப்போ ஜிம்ப்போ தெரியாத ஆளாகத் தோன்றலாம். அட்மின்தான் அந்த மென்பொருளின் பெயரை "அனுமதிக்கப்பட்டவை" பட்டியலில் சேர்க்க வேண்டும். காவலையே நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். நம் ஒரு லேபிளுக்காக மையத்துக் கம்ப்யூட்டர் முழுவதையும் திறந்து போட்டது மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல பயிற்சி மையங்களிலும் பள்ளிகளிலும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பும்படி வைத்திருப்பார்கள். இன்று சேமித்தது நாளை இருக்காது. புது இடத்துக்குப் போனால் வேலை தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பென் டிரைவ் அனுமதி உண்டா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். சில இடங்களில் கிடையாது.

எழுத்துருதான் பெரிய தலைவலி

நம் ஆர்டரைக் கெடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 திருத்தத்திலிருந்து, எழுத்துருவை நம் கணக்குக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். அட்மின் தேவையில்லை. எழுத்துருக் கோப்பின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் இரண்டு வரிகள் தெரியும். ஒன்று "இன்ஸ்டால்". மற்றொன்று "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்", அதாவது எல்லாருக்குமாக ஏற்று. விண்டோஸ் 11-ல் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" அழுத்திய பிறகு தெரியலாம். நாங்கள் இரண்டாவதை அழுத்தினோம், பாஸ்வேர்டு கேட்டது. முதலாவதை அழுத்தியிருந்தால் கேட்டிருக்காது. ஏற்றியதும் டிசைன் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் வராது. அப்படியும் வரவில்லை என்றால் இங்க்ஸ்கேப் பழைய பதிப்பாக இருக்கலாம். 2020-க்கு முந்தைய பதிப்புகளுக்கு இப்படி ஏற்றிய எழுத்துரு கண்ணில் படாமல் போவதுண்டு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நம் கணக்கில் ஏற்றியது நம் கணக்கில்தான் இருக்கும். அடுத்த உறுப்பினர் தன் பெயரில் நுழைந்து அதே லேபிளைத் திறந்தால் எழுத்துரு இருக்காது. அச்சகத்திலும் இருக்காது. எழுத்துரு இல்லாதபோது என்ன ஆகும் என்பது அது எந்த வகை என்பதைப் பொறுத்தது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் உண்மையில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கின்றன. பாமினியில் "தமிழ்" என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அழுத்த வேண்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். அச்சகத்தில் நாம் பார்த்தது அதுதான். யூனிகோடில் அடித்திருந்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துரு, பெரும்பாலும் நிர்மலா, வந்து உட்கார்ந்துகொள்ளும். அழகு போகும், வரி நீளும், ஆனால் படிக்க முடியும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் 1999-ல் டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரப்படுத்தியிருந்தது. அச்சகங்களில் பேஜ்மேக்கர் பழக்கம் இருந்ததால் பழைய எழுத்துருக்கள் சீக்கிரம் போகவில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். யூனிகோடுத் தமிழ் அதற்குச் சரிவராது.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது இதைச் செய்யுங்கள். எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, இங்க்ஸ்கேப்பில் "பாத்" பட்டியலில் உள்ள "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுத்தால் எழுத்து கோட்டுப் படமாக மாறிவிடும். பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்துரு வேண்டியதில்லை. ஆனால் அப்படி மாற்றியதில் பிழை திருத்த முடியாது. விலை மாறினால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதனால் எழுத்தாக உள்ள கோப்பு ஒன்று, படமாக்கியது ஒன்று என இரண்டும் வேண்டும். நாங்கள் "முந்திரி-திருத்த", "முந்திரி-அச்சுக்கு" என்று பெயர் வைக்கிறோம்.

எழுத்துரு மாறி வரி நீண்டால், "கொஞ்சம் சின்னதாக்கிப் போட்டுடலாம்" என்று அச்சகத்தில் முழு லேபிளையும் சுருக்குவார்கள். அங்கேயும் ஓர் ஆபத்து. சைவ உணவுக்கான பச்சைக் கட்டத்துக்குள் உள்ள பச்சை வட்டம், லேபிளின் முகப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை இருந்தால் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; அதற்கு மேல் 500 வரை என்றால் 4. உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்க எண்ணும் படிக்கிற அளவில் இருக்க வேண்டும். அச்சடித்து வந்த முதல் தாளில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டன்களைக் காணோம், திறக்கவே மாட்டேன் என்கிறது

பலர் ஒரே கணக்கில் நுழையும் கம்ப்யூட்டரில் இது அடிக்கடி வரும். யாரோ எதையோ நகர்த்தியிருப்பார்கள். இந்த அமைப்புகள் எல்லாம் நம் வீட்டுக்குள் இருப்பவைதான். இங்க்ஸ்கேப்பில் "எடிட்", "ப்ரிஃபரன்சஸ்", "சிஸ்டம்" போய் "ரீசெட் ப்ரிஃபரன்சஸ்" கொடுத்து, மூடித் திறந்தால் புதிது போல வரும். ஜிம்ப்பிலும் ப்ரிஃபரன்சஸ் பெட்டியிலேயே "ரீசெட்" இருக்கிறது. வரைந்த கோப்பு அழியாது.

அட்மினிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

புது மென்பொருள் ஏற்ற, காவல் பட்டியலில் பெயர் சேர்க்க, பிரிண்டர் இணைக்க: இவற்றுக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இங்க்ஸ்கேப்பை நிறுவாமலே, சுருக்கிய கோப்பாக இறக்கி நம் அடைவில் விரித்து ஓட்டும் வழியும் உண்டு. ஆனாலும் சொல்லிவிட்டே செய்யுங்கள். சில மையங்களில் அதையும் தடுத்திருப்பார்கள், தடுத்ததைச் சுற்றிப் போய் நாளைக்கு மாலை நேர இடமே போய்விட்டால் யாருக்கு நஷ்டம்? காசில்லாமல் கிடைக்கும் திருட்டு போட்டோஷாப் பக்கம் போகவே வேண்டாம். அதில் வருகிறவை முதலில் கேட்பதே அட்மின் அனுமதியைத்தான்.

"சார், கம்ப்யூட்டர் வேலை செய்யல" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. திரையில் வந்த வாசகத்தை அப்படியே போனில் படம் எடுங்கள். எந்தப் பெயரில் நுழைந்தோம், என்ன செய்தபோது வந்தது, பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் வருகிறதா என்று மூன்று வரி எழுதிக் கொடுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பாதி மதிப்பு. இரண்டு கம்ப்யூட்டரிலும் வந்தால் நம் கோப்பில் கோளாறாக இருக்கலாம், ஒன்றில் மட்டும் வந்தால் அந்த இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கு அதே கடைக்காரரிடம் மறுபடி போனோம். முதலில் முகம் கொடுக்கவில்லை. லேபிள் ஒட்டிய ஒரு பாக்கெட்டை மேசையில் வைத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க அடிச்சீங்க?" என்று கேட்டார். ஐம்பது பாக்கெட் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.